மிஷன் பங்களாவின் அன்றாடம்: தமிழ் மண்ணுக்கு வந்த மிஷனரி குடும்பங்கள் எப்படிப் பழகின?

கேள்வி இதுதான்: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் மனைவி, மக்களோடு தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த மிஷனரிகள் இங்குள்ள அன்றாட வாழ்க்கைக்கு எப்படிப் பழகினார்கள்? வீடு, சாப்பாடு, நோய், மொழி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் எப்படி நடந்தது?

மிஷனரிகள் என்றதும் நம் பேச்சு அகராதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மதமாற்றம் என்றுதான் போகும். பங்களாவுக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இது நீண்ட நாளாகவே பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவர்கள் எழுதிய கடிதங்களையும் மிஷன் அறிக்கைகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. அந்தக் குடும்பங்கள் தாமாக இந்த ஊருக்குப் பழகிக்கொள்ளவில்லை, இங்கிருந்த ஆட்கள்தான் அவர்களைப் பழக்கி எடுத்தார்கள். முன்ஷி (மொழி சொல்லிக்கொடுப்பவர்), ஆயா, சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், வண்ணார், பல்லக்குத் தூக்கியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து செய்த வேலை அது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

முதலில் பயணம். யாழ்ப்பாணத்தின் அமெரிக்க மிஷனைத் தொடங்கியவர்கள் 1815 அக்டோபர் 23ஆம் தேதி நியூபரிபோர்ட் துறைமுகத்தில் ட்ரையட் என்ற கப்பலில் ஏறி, 1816 மார்ச் 22ஆம் தேதி கொழும்பில் இறங்கினார்கள். முழுசாக ஐந்து மாதம். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது, அதற்கு முன் பெரும்பாலான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். கடிதத்துக்கும் அதே ஐந்து மாதம்தான். அம்மா உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து எழுதினால், 'இப்போது எப்படி இருக்கிறது' என்று கேட்டு எழுதிய பதில் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிடும். இந்தக் குடும்பங்களின் தனிமையைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் நினைத்தபடி தங்கிவிடவும் முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிக்குள் மிஷனரிகள் நுழைய 1813ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பெரிய தடை இருந்தது. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. முதல் குழுவுக்கு இலங்கை ஆளுநர் பிரவுண்ரிக் இடம் கொடுத்தார். அடுத்து வந்த பார்ன்ஸ், 1820இல் ஜேம்ஸ் கேரட் என்ற அச்சுக்காரர் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியபோது தங்க அனுமதி மறுத்துவிட்டார். அதன்பின் 1833 வரை புதிதாக எந்த அமெரிக்க மிஷனரியும் வரமுடியவில்லை. அதாவது ஏற்கெனவே அங்கிருந்த சில குடும்பங்கள், இறப்புகளால் குறைந்துகொண்டே வந்தபடி, பதின்மூன்று ஆண்டு புது முகம் எதையும் பார்க்காமல் ஓட்டின. உள்ளூர் ஆட்களை நம்பி வாழ அவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வீடு என்று கிடைத்தது என்ன? தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கீசர் காலத்துத் தேவாலயங்களும் அவற்றை ஒட்டிய பாதிரியார் வீடுகளும் ஒல்லாந்தர் காலத்துக்குப் பிறகு கூரை போய்ச் சிதிலமாகக் கிடந்தன. அவற்றைத்தான் கொடுத்தார்கள். முதல் குழுவில் டேனியல் பூவரும் வாரனும் தெல்லிப்பழைக்குப் போனார்கள், மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். பனைமரச் சட்டங்களும் ஓலையும் வைத்துக் கூரை போட்டுக் குடியேறினார்கள். பிற்காலத்தில் எழுந்த மிஷன் பங்களாக்களில் இந்த ஊர் வெயிலைப் புரிந்துகொண்டதன் அடையாளம் தெரியும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, வீட்டைச் சுற்றி வராந்தா, புகையும் நெருப்பும் வீட்டுக்குள் வராதபடி தனியாகத் தள்ளிக் கட்டிய சமையலறை. கூரையில் தொங்கும் பங்கா என்ற பெரிய விசிறியை ஒருவர் கயிற்றால் இழுத்துக்கொண்டே இருப்பார். கட்டில் கால்களையும் மேசைக் கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுத்தார்கள். கறையானுக்கு அந்த உபாயமெல்லாம் போதாது. மாதக்கணக்காகக் கடல் கடந்து வந்த புத்தகங்களை அது தின்றுவிடும் என்பதால் அடிக்கடி எடுத்து வெயிலில் காயப்போடுவது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

உடை விஷயத்தில் அவர்கள் ரொம்ப மெதுவாகத்தான் மாறினார்கள். கறுப்புக் கோட்டும் பெண்களின் இறுக்கமான உடுப்பும் அந்த வெயிலிலும் விடாமல் தொடர்ந்தன. எமி கார்மைக்கேல் போல ஒரு பெண் மிஷனரி துணிந்து சேலை கட்டுவதற்கு 1890கள் வரவேண்டியிருந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர், தோனாவூரில் 1951இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பாதவர். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. பிள்ளைகள் நாளை ஊருக்குத் திரும்பிப் போய் அங்குள்ளவர்களோடு வாழவேண்டுமே என்ற கவலை அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

இனி நோய். இதைச் சொல்லாமல் மற்ற எதுவும் புரியாது. 1816இல் வந்த முதல் குழுவையே எடுத்துக்கொள்வோம். வாரன் 1818இல் உடல்நலம் தேடிப் போன இடத்தில், தென்னாப்பிரிக்காவில் இறந்தார். டேனியல் பூவரின் மனைவி சூசன் 1821இல், ரிச்சர்ட்ஸ் 1822இல். பூவர் மட்டும் நீண்ட காலம் இருந்து, 1855இல் மானிப்பாயில் வாந்திபேதிக்குப் பலியானார். தமிழ்–ஆங்கில அகராதியால் நாம் நினைவில் வைத்திருக்கும் மைரன் வின்ஸ்லோ, தன் வாழ்நாளில் ஐந்து முறை திருமணம் செய்துகொண்டவர். முதல் நான்கு மனைவியரையும் அடுத்தடுத்துப் புதைத்த மனிதர் அவர். அகராதி 1862இல் வெளியானது. 1864இல் ஊருக்குத் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் அவரும் இறந்துபோனார். அந்தப் பெரிய அகராதியைப் புரட்டும்போதெல்லாம் அதை எழுதிய வீட்டில் எத்தனை சாவு விழுந்தது என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

மலேரியா காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அதைக் கண்டுபிடித்தது 1897இல்தான். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். மருந்து கொய்னா மட்டுமே. அது கிடைக்கும் மரமான சின்கோனாவை நீலகிரியில் பயிரிடத் தொடங்கியதே 1860வாக்கில்தான். அதனால் அவர்கள் கண்டுபிடித்த வழி மலையேறுவது. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், முதல் பத்து ஆண்டுகளிலேயே பலரை இழந்துவிட்டது. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு சுமார் 7,000 அடி உயரத்தில் இருந்த கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்து, 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். இன்று நாம் சுற்றுலா போகும் கொடைக்கானல், சாவுக்குப் பயந்து ஓடிய குடும்பங்கள் உண்டாக்கிய ஊர். மோட்டார் பாதை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் உட்காரவைத்து ஆட்கள்தான் தோளில் தூக்கிப் போனார்கள். குளிர், இருட்டு, அட்டை, செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் குழந்தையோடு ஏறிய தாயின் பயம் கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. தூக்கிய ஆட்களுக்கும் பயமும் களைப்பும் இருந்திருக்கும், அதை எழுதிவைக்க யாரும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ரொட்டி இல்லாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. கோதுமை மாவு கிடைப்பது கஷ்டம், புளிக்கவைக்க ஈஸ்ட் கிடையாது. நம் ஊர் அப்பத்துக்குச் செய்வது போலவே கள் ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். மது கூடாது என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர்கள் வீட்டு ரொட்டியும் கள்ளால்தான் எழும்பியது. மற்றபடி அரிசியும் கறியும் அவர்களுக்கு விரைவிலேயே பழகிவிட்டன. குழந்தைகளுக்கு அது பழகவேண்டிய சாப்பாடாகவே இருக்கவில்லை, பிறந்ததிலிருந்து அதுதான். வெண்ணெயை வீட்டிலேயே கடைந்தார்கள். குளிர்ச்சியாக எதுவும் குடிக்க வழியில்லை. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் சென்னைக்கு வந்து, 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் விற்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது நகரத்துத் துரைமார்களுக்கு. திண்டுக்கல்லிலும் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியிலும் இருந்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான்.

என்ன சாப்பிட்டார்கள் என்பதைவிட யாரோடு சாப்பிட்டார்கள் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. வந்து இறங்கிய சில நாட்களிலேயே அவர்களுக்கு ஒன்று புரிந்தது: ஊரில் பெரும்பாலோர் அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்க முயன்றபோது மைரன் வின்ஸ்லோவின் முதல் மனைவி ஹாரியட் வின்ஸ்லோவுக்கு வந்த பெரிய தடை, பிள்ளைகள் மிஷன் வீட்டில் சாப்பிடவேண்டியிருக்கும் என்பதுதான். உடுவிலில் ஒரு மழை இரவில் இரண்டு சிறுமிகள் வீடு திரும்பமுடியாமல் மிஷன் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள், அங்கிருந்துதான் விடுதிப் பள்ளி தொடங்கியது என்று இன்றும் அந்தப் பள்ளிக்கூட வரலாற்றில் சொல்வார்கள். 1824இல் அது முறையாக ஆரம்பித்தது. ஒரு வேளைச் சோறு எவ்வளவு பெரிய எல்லையாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மதுரை மிஷனில் 1847வாக்கில், சபையாரும் ஊழியர்களும் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது பலர் வேலையையே விட்டுவிட்டுப் போனார்கள்.

வேலைக்காரர்கள் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். தாய்நாட்டில் இருக்கும்போது மனைவியே துவைத்து, சமைத்து, பெருக்கிய சாதாரண விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இவர்களில் பலர். இங்கே வந்ததும் ஐந்தாறு பேர் வேலைக்கு. தாய்நாட்டில் நன்கொடை கொடுத்தவர்கள் 'ஏன் இத்தனை பேர், சொகுசாக வாழ்கிறீர்களா?' என்று கேட்பார்கள். இவர்கள் விளக்கி எழுதுவார்கள்: சமைப்பவர் பெருக்கமாட்டார், பெருக்குபவர் தண்ணீர் எடுக்கமாட்டார், துணி வெளுப்பது வண்ணார் வேலை. அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாதி. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திவிடக்கூடாது என்பது என் கருத்து. சாதியைக் கண்டித்துப் பிரசங்கம் செய்த வீடுகள் தங்கள் அன்றாடத்தைச் சாதி பிரித்துக்கொடுத்த வேலைமுறையிலேயே நடத்தின. அவர்களுக்கு அது உறுத்தியிருக்கிறது என்பதே அந்த நீளமான விளக்கங்களில் தெரிகிறது.

மொழி. காலையில் வீட்டுக்கு வரும் முன்ஷியிடம் இலக்கணமும் பழைய நூல்களும் படிப்பார்கள். சில மாதம் கழித்துக் கடைத்தெருவுக்குப் போய்ப் பேசினால் யாருக்கும் புரியாது, அவர்கள் பேசுவதும் இவர்களுக்குப் புரியாது. ஏட்டுத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம் அவர்களைத் திணறடித்தது. இதை முதலில் சரியாகப் பிடித்தவர் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிப் பழகினார். கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னை வந்தவர், 1841இல் திருநெல்வேலிச் சீமைக்குப் போகும்போது பெரும்பகுதியை நடந்தே கடந்தார். வழியில் மக்கள் பேசுவதையும் வாழ்வதையும் பார்க்கவேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் வீட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பேச்சுத் தமிழ் விரைவாக வந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லை. சமையல்காரரிடம் பேசவேண்டும், பால்காரரிடம் கணக்குப் பார்க்கவேண்டும், பிரசவ நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உதவி கேட்கவேண்டும். கால்டுவெல்லின் மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மகள். சின்ன வயதிலேயே தமிழ் பழகியவர். 1844இல் திருமணமாகி இடையன்குடிக்கு வந்தபோது, அந்தத் தேரிக்காட்டு ஊரில் பெண்களோடு அவரால் உடனே பேச முடிந்தது. ஒப்பிலக்கணம் எழுதிய மேதைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தமிழ் பேசும் துணை இருந்தது என்பதை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இந்த மனைவியரைப் பற்றித் தனியாகவே ஒரு வார்த்தை. அமெரிக்க மிஷன் பட்டியல்களில் அவர்களுக்கு 'உதவி மிஷனரி' என்றுதான் பெயர், தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் வீட்டைப் பார்த்து, அடுத்தடுத்து பிள்ளை பெற்று, வராந்தாவிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியவர்கள் அவர்கள்தான். எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து, அங்குள்ள பெண்களுக்குப் பின்னல் சரிகை, அதாவது லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது பெரிய கைத்தொழிலாக வளர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் முழுசாக ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இருந்தார்கள். எலைசா அதே தொழிலை இடையன்குடிக்கும் கொண்டுபோனார். ஹாரியட் வின்ஸ்லோவுக்குப் பின்னால் அவருடைய மூன்று தங்கைகளும் மிஷனரிகளை மணந்து யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அந்நிய ஊரில் கூடப்பிறந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று வெளியூரில் வாக்கப்பட்ட எந்தப் பெண்ணும் சொல்வாள்.

இப்போது பிள்ளைகள். இந்தப் பதிலில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி இதுதான்.

மிஷனரி வீட்டுப் பிள்ளைக்கு முதல் மொழி பெரும்பாலும் தமிழ். காரணம், நாள் முழுக்க ஆயாவின் இடுப்பில்தான் இருக்கும். தாலாட்டு தமிழ், கதை தமிழ், சண்டையும் தமிழ். அதற்குக் காய்ந்த மண்ணின் வாசனையும் கோவில் மணியும் சொந்த ஊர், அப்பா அம்மா 'நம் ஊர்' என்று பேசும் இடம் படத்தில் பார்த்த அந்நிய நாடு. பெற்றோருக்கு இது பயமாக இருந்தது. வெயில் உடம்பைக் கெடுக்கும், வேலைக்காரர்களோடு பழகி மனம் கெடும், படிப்பு கிடைக்காது, நல்ல இடத்தில் திருமணம் அமையாது என்று பல காரணம் சொன்னார்கள். அதனால் ஆறு, எட்டு, பத்து வயதில் கப்பலேற்றி அனுப்பினார்கள். பல சமயம் பெற்றோர் கூடப் போகவில்லை. அந்தப் பக்கம் போகும் யாராவது ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்த சந்திப்பு பத்து வருடம் கழித்து, அல்லது ஒருபோதும் இல்லை.

வின்ஸ்லோ தம்பதியின் மகன் சார்ல்ஸ் அப்படி அனுப்பப்பட்டவன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பையன், 1832இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனான். அந்தச் செய்தி தாய்க்கு வர மாதக்கணக்காகியிருக்கும். 1833 ஜனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் இறந்தார்.

இங்கிலாந்தில் இப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் தொடங்கவேண்டியதாயிற்று. மிஷனரிகளின் மகள்களுக்கு லண்டன் பக்கத்து வால்தம்ஸ்டோவில் 1838இல் ஒன்று, மகன்களுக்கு 1842இல் ஒன்று. விடுமுறைக்குக்கூட வீட்டுக்குப் போகமுடியாத பிள்ளைகளுக்கான பள்ளிகள் அவை. பெற்றோர் இதைக் கடவுளுக்குக் கொடுக்கும் காணிக்கையாக நினைத்தார்கள், அப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காணிக்கையின் விலையைக் கொடுத்தது பிள்ளைகள், அதில் அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அந்த விலை என்ன செய்யும் என்பதற்கு ஸ்கடர் குடும்பத்தைப் பாருங்கள். முதல் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர், 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் ஏழு பேர் இந்தியாவுக்கே மிஷனரிகளாகத் திரும்பி வந்தார்கள். ஆற்காடு மிஷன் அந்தச் சகோதரர்கள் கட்டியெழுப்பியது. வெளியிலிருந்து பார்த்தால் இது பக்தியின் வெற்றி போலத் தெரியும். எனக்கு அது அதோடு கூட, சின்ன வயதில் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் தாங்கள் பிறந்த மண்ணைத் தேடி வந்த கதையாகவும் தெரிகிறது. முதல் ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாய் இந்தியாவிலிருந்த கணவரிடம் திரும்பியபோது, ஐடாவை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுப் போனார். அந்தப் பிரிவு அவரை அவ்வளவு காயப்படுத்தியது. மிஷனரியாக மட்டும் ஆகவேமாட்டேன் என்று முடிவெடுத்திருந்தார். 1890இல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தவர், ஒரே இரவில் மூன்று பெண்கள் ஆண் மருத்துவர் கூடாது என்ற வழக்கத்தால் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மனம் மாறினார். மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். வேலூர் சிஎம்சி மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

பிற்பாடு இந்த நிலைமை கொஞ்சம் மாறியது. சூயஸ் வழி திறந்ததும் பயணம் சுருங்கியது. 1870களில் ரயில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வந்ததும், இரவெல்லாம் மாட்டுவண்டியில் உருண்டு போவது குறைந்தது. குன்னூரில் 1899இல் ஹீப்ரான் பள்ளியும், கொடைக்கானலில் 1901இல் ஹைகிளர்க் என்ற பள்ளியும் தொடங்கின. பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல் மலைக்கு அனுப்பினால் போதும் என்றாயிற்று. கோடையில் தாய்மார்கள் மலைக்குப் போய்ப் பிள்ளைகளோடு இரண்டு மாதம் இருப்பார்கள், அப்பாக்கள் கீழே வெயிலில் வேலை பார்ப்பார்கள். நோய்க்காக உண்டான ஊர், இந்தக் குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுசேரும் இடமாகவும் ஆனது.

அக்கம்பக்கத்தார் இவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் பாதிப் பதில்தான். ஆண்களை மரியாதையாக 'ஐயர்' என்று அழைத்தார்கள். ரேனியஸ் ஐயர், போப்பையர், கால்டுவெல் ஐயர் என்று இன்றும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாம். உடுவிலில் எலைசா ஆக்னியூ என்ற ஆசிரியை 1840இல் வந்து, 1883இல் இறக்கும்வரை ஊர் திரும்பாமல் இருந்தார், அவரை ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்றார்கள். இந்தப் பாசம் உண்மையானது. அதேபோல மனக்கசப்பும் உண்மையானது. தான் பணிபுரிந்த மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அந்தச் சமூகத்தையே புண்படுத்தியது. படித்த தலைமுறை ஒன்று வளர்ந்து வந்தபின் அதை எதிர்த்து மனுக்கொடுத்துப் போராடியது. ஐம்பது ஆண்டு ஒரே ஊரில் வாழ்ந்து, அந்த ஊருக்குத் தெருவும் கிணறும் தேவாலயமும் கண்டு, அங்கேயே அடக்கமும் ஆனவர் அவர். அப்படிப்பட்டவரும் தன்னைச் சுற்றியிருந்தவர்களை வெளியிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்த சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். தன் மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் ஐரோப்பியராக மாறுவதை அவர் விரும்பவில்லை. 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். தன் கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று பொறிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அப்படியே பொறித்தார்கள். ஊர் திரும்பிய மிஷனரிகள் பலருக்கு அங்கே மறுபடி பழகுவதுதான் கடினமாக இருந்தது, அதற்கு யாரும் அவர்களுக்கு முன்ஷி வைத்துக் கொடுக்கவில்லை.

மிஷன்கள் எவ்வளவு தூரம் பழகிக்கொள்வதை அனுமதித்தன என்று அறிய சார்ல்ஸ் மீட்டின் வாழ்க்கை போதும். நாகர்கோவில் மிஷனில் 1818 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். முதல் மனைவி வரும் வழியிலேயே பினாங்கில் இறந்தார். இரண்டாவது மனைவி தஞ்சாவூரில் இருந்த ஒரு ஜெர்மானிய மிஷனரியின் மகள், அவரும் இறந்தார். அதுவரை மீட் மரியாதைக்குரிய மூத்த மிஷனரி. 1850களின் தொடக்கத்தில் அவர், ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து கிறிஸ்தவரான ஓர் உபதேசியாரின் மகளை மணந்தார். உள்ளூர்ச் சபையில் எதிர்ப்பு எழுந்தது, சக வெள்ளைக்கார மிஷனரிகளும் ஏற்கவில்லை, மிஷனிலிருந்தே விலகவேண்டியதாயிற்று. அதன்பின் திருவிதாங்கூர் அரசின் கல்வி வேலையில் சேர்ந்து அந்த மனைவியோடு இங்கேயே வாழ்ந்தார். தமிழ் பேசலாம், சோறு சாப்பிடலாம், பெண்பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கலாம். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக் குடும்பமாக உட்கார்ந்தால் மட்டும் பங்களாவிலும் இடமில்லை, சபையிலும் இடமில்லை என்பதுதான் அன்றைய நிலைமை.